பெயரில்லாத ஈஸ்ட்

சித்தியின் இரத்தக் கல்ச்சர் (இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையைத் தம்பி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது இரவு ஒன்பதரை மணி இருக்கும். வயது 54 என்பதும், ஏ.எம்.எல். என்னும் தீவிர இரத்தப் புற்றுநோய் என்பதும், இரத்தம் எடுத்த தேதியும் நேரமும் அதில் ஒழுங்காக அச்சாகியிருந்தன. முடிவு எழுதவேண்டிய இடத்தில் மட்டும் ‘ஈஸ்ட் வளர்ந்துள்ளது’ என்ற ஒரே வரி இருந்தது. எந்த ஈஸ்ட், எந்த மருந்துக்குக் கட்டுப்படும், மேற்கொண்டு சோதனை நடக்கிறதா இல்லையா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த நிமிடமே தம்பி அழைத்தான். “அக்கா, ஈஸ்டுன்னா ஆப்ப மாவுல போடுறதுதானே? அது எப்படி அம்மாவுக்க ரத்தத்துல வந்தது?” என்று கேட்டான்.

நான் நாகர்கோவிலில் ஓர் ஆய்வகத்தின் நுண்ணுயிரியல் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஈஸ்டை அதற்கும் முன்பிருந்தே அறிவேன், ஏனென்றால் என் அப்பா பனையேறி. கருங்கல் ஊருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது பிள்ளைகளாகிய எங்கள் வேலை. தடவிய கலயத்தில் இறங்குவது அக்கானி, அதாவது பதநீர். தடவ மறந்த கலயத்தில் இருப்பது வெயில் ஏறுவதற்குள் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். பாளையிலும் காற்றிலும் கலயத்தின் விளிம்பிலும் ஈஸ்ட் எப்போதும் இருக்கிறது என்பதையும், சுண்ணாம்பு இல்லாத இடத்தில்தான் அது தன் வேலையைத் தொடங்குகிறது என்பதையும் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தக் கள்ளில் ஒரு கரண்டி விட்டுத்தான் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் ஆப்பத்துக்கு மாவு பொங்க வைப்பார்கள்.

ஆகவே தம்பியின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். ஈஸ்ட் என்பது ஓர் உயிரியின் பெயரன்று. ஒற்றைச் செல்லாக இருந்து, மொட்டு விட்டுப் பெருகும் பூஞ்சைகள் எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர் அது, அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கும். ‘மீன் பிடிபட்டது’ என்று சொன்னால் நெத்திலியா, சாளையா, சுறாவா என்று குளச்சலில் எந்தக் குழந்தையும் கேட்கும். புற்றுநோயாளியின் இரத்தத்தில் ஈஸ்ட் என்று எழுதிவந்தால் அதே கேள்வியைக் கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

நலமாக இருக்கும் மனிதரின் குடலிலும் வாயிலும் தோலிலும் பலவகை ஈஸ்டுகள் வாழ்கின்றன. அவை இரத்தத்துக்குள் வராமல் தடுப்பவை மூன்று. முதலாவது, வாய் முதல் குடல் முடியும்வரை உள்ள மெல்லிய சளிப்படலம். இரண்டாவது, இரத்த வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்ற வகை. மூன்றாவது, நம்முடன் வாழும் நல்ல பாக்டீரியாக்கள், ஈஸ்டுக்கு இடமும் உணவும் விடாமல் நெருக்கி நிற்பவை. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ மருந்து சளிப்படலத்தைப் புண்ணாக்குகிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்திலுள்ள நியூட்ரோபில் எண்ணிக்கையை, வழக்கமான 1,500-க்கு மேற்பட்ட நிலையிலிருந்து 500-க்கும், சிலருக்கு 100-க்கும் கீழே இறக்குகிறது. அந்த நேரத்தில் வரும் காய்ச்சலுக்காகக் கொடுக்கும் கடுமையான ஆன்டிபயாடிக்குகள் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கின்றன. இதற்கெல்லாம் மேலாக, மாதக்கணக்கில் கையிலோ நெஞ்சிலோ இருக்கும் பிக் லைன், போர்ட் போன்ற குழாய்கள், வெளியிலிருந்து இதயத்தின் அருகில்வரை ஒரு நேர்வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. இவற்றில் எந்தச் சிகிச்சையையும் தவறு என்று நான் சொல்லவில்லை. சித்திக்கு இவை எல்லாமே தேவைப்பட்டன.

சித்தியின் முதல் சுற்று கீமோ திருவனந்தபுரத்தில் நடந்தது. எங்கள் மாவட்டத்தில் புற்றுநோய் என்றதும் பெரும்பாலான குடும்பங்கள் அந்த எழுபது கிலோமீட்டர் பாதையில்தான் பயணப்படுகின்றன. 1981-இல் அங்கே வட்டாரப் புற்றுநோய் மையம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே இது வழக்கம். முதல் சுற்றில் நோய் அடங்கியது. இரண்டாவது சுற்றில் சைட்டராபின் என்ற கீமோ மருந்தை அதிக அளவில் கொடுத்து, தக்கலையிலிருக்கும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் கவுண்ட், அதாவது இரத்த அணுக்களின் எண்ணிக்கை, முழுவதும் இறங்கிய நேரத்தில் காய்ச்சல் 102-ஐத் தொட்டது. நியூட்ரோபில் இறங்கியவருக்கு 101 டிகிரி ஒருமுறை வந்தாலும், 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும் அது அவசர நிலை. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உடலுக்குள் போகவேண்டும். இது சித்தப்பாவுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்ததால், பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் உடனே சேர்த்தார். அந்த முடிவுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் நேரம் வாங்கிக்கொடுத்தது.

அங்கே மருத்துவர் செய்தவை எல்லாம் முறையானவை. இரத்தக் கல்ச்சர் எடுத்தார், ஆன்டிபயாடிக் தொடங்கினார், காய்ச்சல் அடங்காதபோது அதைவிட வலுவானதற்கு மாற்றினார். நான்காம் நாள் ஈஸ்ட் என்ற அறிக்கை வந்தவுடன் கேஸ்போஃபங்கின் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கினார். நியூட்ரோபில் இல்லாத ஒருவரின் இரத்தத்தில் ஈஸ்ட் என்றால் அது கேண்டிடா என்ற வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், கேண்டிடாவுக்கு அந்த மருந்துக் குடும்பம்தான் முதல் தேர்வு. இந்தியாவில் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தி, 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அங்கே சேர்க்கப்பட்ட 1,000 பேரில் சுமார் 6.5 பேருக்கு இரத்தத்தில் கேண்டிடா இருந்தது தெரியவந்தது. மேலைநாடுகளில் முதலிடம் பிடிக்கும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் அல்ல, கேண்டிடா டிராபிகாலிஸ்தான் இங்கே அவர்களில் ஐந்தில் இருவருக்கு இருந்தது. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் மருத்துவரின் தேர்வு சரி. ஆனால் மருந்து தொடங்கி மூன்றாம் நாளும் காய்ச்சல் 103-இல் நின்றது. கைகளிலும் தொடைகளிலும் சிவந்த சிறு தடிப்புகள் எழும்பின. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 11,000 மட்டுமே இருந்ததால் தடிப்பிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கத் தயங்கினார்கள்.

அன்று காலை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, கல்ச்சர் செய்த ஆய்வகத்துக்கு நேராகப் போனேன். ஈஸ்டை வளர்த்த தட்டை எறிந்திருப்பார்களோ என்ற பயம் வழிமுழுவதும் இருந்தது. அங்கிருந்த இளம்பெண் நல்ல மனதுடன் குளிர்பதனப் பெட்டியிலிருந்து அதை எடுத்துத் தந்தாள். கேண்டிடாவின் காலனிகள், அதாவது தட்டில் வளரும் திட்டுகள், பொதுவாக வெண்ணெய்த் துளி போல வழவழப்பாக இருக்கும். இவை உலர்ந்து, நடுவில் மேடிட்டு, ஓரங்களில் சுருக்கம் விழுந்து, மாவு பூசியது போலிருந்தன. ஸ்லைடு போட்டுப் பார்த்தபோது, மொட்டுவிடும் உருண்டைச் செல்களுக்கு நடுவே நீண்ட இழைகளும், அந்த இழைகள் துண்டுதுண்டாக உடைந்து உருவான நீள்சதுரச் செல்களும் நிறைந்து கிடந்தன. ஆர்த்ரோகொனிடியா என்று பெயர் கொண்ட அந்தச் செங்கல் வடிவத் துண்டுகளைக் கேண்டிடா உண்டாக்குவதில்லை. அந்த ஸ்லைடைப் பார்த்த யாரும் வெறுமனே ஈஸ்ட் என்று எழுதி நிறுத்தியிருக்கக் கூடாது. அந்தப் பெண்ணைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை; பூஞ்சைகளை இரண்டு பாடவேளைகளில் முடித்துவிட்டு பாக்டீரியாவுக்கு ஓராண்டு செலவிடும் படிப்பிலிருந்துதான் நாங்கள் இருவருமே வந்திருக்கிறோம்.

இழை உடைந்து செங்கல் துண்டுகளாகும் ஈஸ்டுகளில் புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் வருபவை முக்கியமாக இரண்டு. ஒன்று டிரைக்கோஸ்போரான். மற்றொன்று மேக்னுசியோமைசிஸ் கேப்பிடேட்டஸ்; பிளாஸ்டோஸ்கைசோமைசிஸ், ஜியோட்ரைக்கம், சாப்ரோகீட் என்று காலந்தோறும் பெயர் மாறிவந்ததால், பழைய கட்டுரையில் படித்தது இதுதான் என்று பல மருத்துவர்களுக்கே பிடிபடாத ஓர் உயிரி. இவ்விரண்டையும் பிரித்தறியப் பெரிய இயந்திரம் தேவையில்லை. சிறுநீர்ப்பாதைக் கிருமிகளுக்காக எந்தச் சிற்றூர் ஆய்வகமும் வைத்திருக்கும் யூரியேஸ் குழாய் போதும்; யூரியாவை உடைக்கும் உயிரி வளர்ந்தால் அதன் நிறம் மாறும். டிரைக்கோஸ்போரான் அதில் இளஞ்சிவப்பு நிறத்தை உண்டாக்கும். மேக்னுசியோமைசிஸ் உண்டாக்காது, கேண்டிடா இனங்களில் பெரும்பாலானவையும் உண்டாக்கா. நான் ஒரு குழாயில் இட்டு, 37 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தப் பெண்ணே படம் எடுத்து அனுப்பினாள். குழாய் முழுவதும் செம்பருத்திப்பூ நிறத்தில் இருந்தது. பெரிய ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிய மாதிரியில், மால்டி-டாஃப் கருவி டிரைக்கோஸ்போரான் அசாஹி என்ற முழுப்பெயரை அன்று மாலையே உறுதிசெய்தது.

யூரியேஸ் குழாய் சொல்வது வெறும் பெயரை மட்டுமல்ல, அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். ஈஸ்டுகளில் இரு பெருங்குடும்பங்கள் உண்டு. கேண்டிடாவும் ஆப்ப ஈஸ்டும் ஒரு குடும்பம். டிரைக்கோஸ்போரான், ரோடோடோருலா, கிரிப்டோகாக்கஸ், மலசீசியா ஆகியவை மழைக்குப் பிறகு ரப்பர் தோட்டங்களில் முளைக்கும் குடைக்காளானின் குடும்பம். கேஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின் ஆகிய மூன்றும் பூஞ்சையின் செல் சுவரில் ஒருவகை குளுக்கான் கட்டப்படுவதைத் தடுத்துக் கொல்பவை, அந்த மூன்றும் இந்தக் காளான் குடும்பத்து ஈஸ்டுகளிடம் பலிப்பதில்லை. யூரியேஸ் குழாயில் இளஞ்சிவப்பைக் காட்டுபவை பெரும்பாலும் இந்தக் குடும்பத்தவைதான். அதாவது, சில ரூபாய் செலவில் ஒரே இரவில் கிடைக்கும் அந்த நிறம், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஒரு மருந்து சித்தியின் உடலில் வேலை செய்யாது என்பதைச் சொல்லிவிட்டது. மேக்னுசியோமைசிஸ் மட்டும் இதில் விதிவிலக்கு. அது கேண்டிடாவின் பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்தும், யூரியேஸில் நிறம் காட்டாமலிருந்தும், இதே மருந்துகளுக்குக் கட்டுப்படாது. ஆகையால் குழாயை மட்டும் நம்பாமல், ஸ்லைடில் செங்கல் துண்டுகளையும் தேடவேண்டும்.

டிரைக்கோஸ்போரான் முடியில் வெண்ணிற முடிச்சுகளை உண்டாக்கும் எளிய நோயாகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவத்துக்கு அறிமுகமாயிற்று. அது உடலுக்குள் ஊடுருவக்கூடியது என்பது 1970-இல், நுரையீரல் புற்றுநோய் கொண்ட ஒருவரின் மூளைச் சீழ்க்கட்டியில் கண்டபோதுதான் வெளிப்பட்டது. கீமோ சிகிச்சை வலுப்பெற்ற பிறகு அது இரத்தப் புற்றுநோய்ப் பிரிவுகளின் நோயாகவே மாறிவிட்டது. இதற்குத் தகுந்த மருந்து வோரிகோனசோல். அரிதான ஈஸ்டுகளுக்கென்றே ஐரோப்பிய மருத்துவப் பூஞ்சையியல் கூட்டமைப்பு பிற அமைப்புகளுடன் சேர்ந்து 2021-இல் உலகளாவிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. சித்தியின் மருத்துவர் அதை அன்றிரவே தேடிப் படித்துவிட்டு மறுநாள் மருந்தை மாற்றினார். கூடவே பிக் லைனையும் எடுக்கச் சொன்னார். நரம்பு கிடைக்காத கையில் அந்தக் குழாய்தானே இவ்வளவு நாளும் துணை என்று சித்தப்பா கலங்கினார். ஆனால் குழாயின் உள்சுவரில் ஈஸ்ட் ஒரு பாசிப்படலம் போலப் படிந்து வாழும், அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக நுழையாது. எடுத்த குழாயின் நுனியிலும் அதே டிரைக்கோஸ்போரான் வளர்ந்தது. தோலிலிருந்து குழாய் வழியாக வந்ததா, புண்பட்ட குடலிலிருந்து வந்து குழாயில் ஒட்டிக்கொண்டதா என்பதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

வோரிகோனசோல் தொடங்கிய இரண்டாம் நாள் சித்தி என்னிடம் மெதுவாக, “மக்களே, டியூப்லைட்ட சுத்தி பச்சையா ஒரு வளையம் தெரியுது. மூளைக்கு ஏறிட்டோ?” என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அது நோயல்ல, மருந்தின் வேலை என்று சொன்னேன். ஒளி கூசுவதும் நிறம் மாறித் தெரிவதும் இந்த மருந்தில் பலருக்கு நேர்பவை, பெரும்பாலும் சில நாட்களில் தாமாக நின்றுவிடும். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஓர் இரவு முழுவதும் அந்தப் பயத்துடன் அவர் விழித்துக் கிடந்திருக்க மாட்டார். மாத்திரையாக எடுக்கும்போது உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ எடுக்கவேண்டும் என்பதையும், வெயில்பட்டால் தோல் சிவந்து எரியக்கூடும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளைகளுக்கு வரும் ஏ.எல்.எல். வகை இரத்தப் புற்றுநோயில் இன்னொரு பெரிய எச்சரிக்கை உண்டு. அந்தச் சிகிச்சையின் முதுகெலும்பான வின்கிரிஸ்டினுடன் இந்த மருந்துக் குடும்பம் சேர்ந்தால் வின்கிரிஸ்டினின் நச்சுத்தன்மை கூடி, நரம்புகள் கடுமையாகப் பாதிக்கப்படலாம். புற்றுநோய் மருத்துவரும் தொற்றுநோய் மருத்துவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத இடத்தில் இது கவனத்திலிருந்து நழுவக்கூடும், எனவே எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்து இருவரிடமும் காட்டுங்கள்.

காய்ச்சல் ஐந்தாம் நாள் இறங்கியது. அதற்கு வோரிகோனசோல் மட்டும் காரணமல்ல என்பதையும் சொல்லவேண்டும்: நான்காம் நாள் நியூட்ரோபில் எண்ணிக்கை 300-ஐத் தாண்டத் தொடங்கியிருந்தது. பூஞ்சைத் தொற்றில் மருந்து செய்யும் வேலை, உடம்பின் சொந்த அணுக்கள் திரும்பிவரும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாள்தோறும் எடுத்த இரத்தக் கல்ச்சர்களில் வளர்ச்சி நின்ற பிறகும் சிகிச்சை வாரக்கணக்கில் தொடர்ந்தது. கண் மருத்துவர் வந்து விழித்திரையைப் பார்த்தார். கவுண்ட் ஏறிய பிறகு வயிற்றை ஸ்கேன் செய்தார்கள்; அணுக்கள் இல்லாதபோது ஒளிந்திருக்கும் பூஞ்சைக் கட்டிகள், அணுக்கள் வந்து தாக்கத் தொடங்கியபின்தான் கல்லீரலிலும் மண்ணீரலிலும் படத்தில் தெரியவரும் என்பதால் அந்தக் காத்திருப்பு தேவையாயிருந்தது. இரண்டிலும் ஒன்றும் இல்லை.

சித்தியின் கட்டிலருகே இருந்த சிறு மேசையில் நான் கண்ட இரண்டு பொருள்களைப் பற்றியும் எழுதவேண்டும். ஒன்று, வயிற்றுப்போக்குக்காக வீட்டில் வாங்கி வைத்திருந்த பொடிப் பொட்டலங்கள். மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைப்பவை. ஏதோ நல்ல பாக்டீரியா என்று நினைத்துத் தம்பி மோரில் கலக்கிக் கொடுத்துவந்தான். உறையில் சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்று எழுதியிருந்தது. அது பாக்டீரியா அன்று, உயிருள்ள ஈஸ்ட். 1920-களில் இந்தோசீனாவில் பணியாற்றிய பிரெஞ்சு அறிவியலாளர் ஒருவர், பேதியை நிறுத்த உள்ளூர் மக்கள் அருந்திய பழத்தோல் கஷாயத்திலிருந்து பிரித்தெடுத்தது. நம் ஆப்பத்தையும் கள்ளையும் பொங்க வைக்கும் ஈஸ்டின் நெருங்கிய உறவு. ஆரோக்கியமானவர்களுக்கு அது உதவக்கூடும். ஆனால் நெஞ்சிலோ கையிலோ மையக் குழாய் வைத்திருப்பவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களுக்கும் அந்த ஈஸ்ட் இரத்தத்தில் வந்து உயிர் போன நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை இதை ஆராய்ந்து, மையக் குழாய் உள்ளவர்களுக்கும் கடும் நோயில் இருப்பவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் கொடுக்கவே கூடாது என்று எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. விழுங்கினால்தான் ஆபத்து என்றும் இல்லை. பொட்டலத்தைக் கிழிக்கும்போது பறக்கும் பொடி கையில் ஒட்டி, அதே கை குழாயின் மூடியைத் திறந்தால் போதும். சித்திக்கு வந்தது இந்த ஈஸ்ட் அல்ல. இருந்தாலும் அந்தப் பொட்டலங்களை அப்போதே அப்புறப்படுத்தினேன், தம்பியைக் கடிந்துகொள்ளவில்லை. கடையில் யாரும் அவனிடம் நோயாளிக்கு என்ன நோய் என்று கேட்டிருக்கவில்லை.

இரண்டாவது, பால் வைத்திருந்த பிளாஸ்க். நம் ஊரில் மருத்துவமனைக்குப் போகிறவர் கையில் பிளாஸ்க் இல்லாமல் பார்க்க முடியாது. ஸ்பெயினில் ஓர் இரத்தநோய்ப் பிரிவில், மேக்னுசியோமைசிஸ் தொற்று நோயாளிகள் சிலருக்கு அடுத்தடுத்து வந்தபோது, காரணத்தைத் தேடிப்போனவர்கள் காலை உணவுக்குப் பால் கொண்டுவந்த பிளாஸ்குகளில் அதே ஈஸ்டைக் கண்டுபிடித்தார்கள். வெதுவெதுப்பான பால், மூடியின் இடுக்கில் தங்கும் பாலாடை, கை நுழையாத கழுத்து ஆகியவை ஈஸ்டுக்கு ஏற்ற இடம். பிளாஸ்க் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் சூடான ஏதாவது ஒன்று குடித்தால்தான் அந்த வார்டில் ஒரு பகல் கழியும். கவுண்ட் இறங்கியிருக்கும் நாட்களில் பாலைக் காய்ச்சி, வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டுவந்து உடனே கொடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். வேகவைத்த உணவு, கழுவிய கை, சுத்தமான பாத்திரம் ஆகியவை போதும். பழமே ஆகாது, வீட்டுச் சாப்பாடே ஆகாது என்று நோயாளியைப் பட்டினி போடும் கடும் பத்தியம் தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை.

மற்ற ஈஸ்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளியலறைச் சுவரிலும் பல்துலக்கும் பிரஷிலும் ஈரம் தங்கும் இடங்களில் பவளநிறத்தில் படியும் படலத்தில் ரோடோடோருலா இருக்கலாம். அது இரத்தக் கல்ச்சரில் வந்தால் காற்றிலிருந்து தட்டில் விழுந்த மாசு என்று ஒதுக்கிவிடும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. மையக் குழாய் வைத்திருக்கும் புற்றுநோயாளிக்கு அது மெய்யான தொற்றாகவே கருதப்பட வேண்டும். அதற்குக் கேஸ்போஃபங்கினும் ஃப்ளூகோனசோலும் உதவா. 2021-இன் கருப்புப் பூஞ்சைக் காலத்தில் நாடே பெயர் தெரிந்துகொண்ட ஆம்ஃபோடெரிசின்-பி தான் கைகொடுக்கும். கேண்டிடா ஆரிஸ் இப்போது அரிதானது என்று சொல்லமுடியாதபடி நம் நாட்டு மருத்துவமனைகளில் வேரூன்றிவிட்டது. ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து 2009-இல் விவரிக்கப்பட்ட இந்த ஈஸ்டை, உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 19 பூஞ்சைகளின் பட்டியலில் மிக ஆபத்தான நான்கில் ஒன்றாக வைத்திருக்கிறது. பழைய அடையாளக் கருவிகள் சில இதைத் தவறாக ரோடோடோருலா என்று சொல்லிவிடும். வெண்ணிறக் காலனியைக் கருவி ரோடோடோருலா என்று சொன்னால் கருவியை நம்பக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்துச் சுவரில் நான் ஒட்டிவைத்திருக்கும் குறிப்பு. சண்டிகரில் 1996 முதல் 1998 வரை, பிக்கியா அனோமலா என்ற ஈஸ்ட் 379 பச்சிளங் குழந்தைகளையும் சிறுவர்களையும் தாக்கியது. பணியாளர்களின் கைகளிலும் அந்த ஈஸ்ட் இருந்தது. கைகழுவுதலைப் பற்றி யாராவது சலித்துக்கொண்டால் நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

இரத்தம் எடுப்பதைப் பற்றி நோயாளியின் வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. “உடம்புல ரத்தமே இல்ல, பாட்டில் பாட்டிலா ஏத்துறோம், அதுல இருந்து பின்னயும் எடுக்கணுமா?” என்று சித்தப்பா செவிலியரிடம் கோபப்பட்டார். அவர் வேதனை எனக்குப் புரிந்தது. ஆனால் ஈஸ்ட் தொற்றில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரு செல்கூட இல்லாமல் இருக்கலாம். இரண்டு மில்லி எடுத்தால் தப்பிவிடும் ஈஸ்ட், பாட்டிலுக்கு எட்டு முதல் பத்து மில்லி வீதம், குழாயிலிருந்து ஒன்றும் நரம்பிலிருந்து ஒன்றுமாக எடுத்தால் அகப்படும். அப்படி எடுத்தும்கூட, உடலுக்குள் பரவிய கேண்டிடா தொற்றுகளில் ஏறக்குறையப் பாதியைத்தான் இரத்தக் கல்ச்சர் காட்டிக்கொடுக்கிறது. குறைவாக எடுத்து அனுப்பிய பாட்டிலில் ஒன்றும் வளரவில்லை என்று நான் கையெழுத்திடும் ஒவ்வொரு முறையும், அது உண்மையாகவே இல்லையா, அகப்படவில்லையா என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது.

சித்தி இப்போது மூன்றாவது சுற்று கீமோவுக்குத் தயாராகிறார். டிரைக்கோஸ்போரான் திரும்பி வராமலிருக்க, கவுண்ட் இறங்கும் காலம் முழுவதும் வோரிகோனசோல் தொடரும் என்று திருவனந்தபுரத்து மருத்துவர் சொல்லியிருக்கிறார், இம்முறை புதிய குழாய் மறுகையில். அந்த ஈஸ்டின் பெயரைத் தம்பி ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறான், அவசரத்தில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் கண்ணில் படும்படி.

எங்கள் ஆய்வகத்தில், இரத்தத்திலிருந்து வரும் ஒவ்வோர் ஈஸ்டுக்கும் அன்றைக்கே மூன்று வேலைகளைச் செய்யவேண்டும் என்று தலைமை மருத்துவரிடம் கேட்டு ஒப்புதல் வாங்கினேன். செங்கல் துண்டுகளைத் தேடி ஒரு ஸ்லைடு, ஆல்பிகன்ஸைப் பிரித்தறியச் சீரத்தில் இட்டு மூன்று மணி நேரத்தில் பார்க்கும் முளைக்குழல் சோதனை, ஒரு யூரியேஸ் குழாய். முதல் அறிக்கையில் ஈஸ்ட் என்று எழுதினால் அதன்கீழே ‘இனம் கண்டறியப்பட்டுவருகிறது, தட்டு பாதுகாக்கப்பட்டுள்ளது’ என்ற வரியும், காலனியின் தோற்றமும், பேசவேண்டிய தொலைபேசி எண்ணும் இருக்கும். சித்தியின் கல்ச்சரைச் செய்த அந்த இளம்பெண் சென்ற வாரம் எனக்கு ஒரு ஸ்லைடின் படத்தை அனுப்பி, “அக்கா, இதுல செங்கல் இருக்கா?” என்று கேட்டிருந்தாள். இல்லை, அது டிராபிகாலிஸ் போலத் தெரிகிறது, முளைக்குழலும் யூரியேஸும் போட்டுவிட்டுப் பெயர் வந்த பிறகு அறிக்கையை முடியுங்கள் என்று பதில் எழுதினேன். இரண்டும் ஏற்கெனவே போட்டாகிவிட்டன என்று உடனே பதில் வந்தது.